அந்நிய மண்ணில் குற்றஞ்சாட்டப்பட்ட சிப்பாய்க்கு நியாயவாதி எதற்கு?

(சட்டத்தரணிகளும் ஆசிரியர்களும் கமக்காரப் பெருமக்களும் கூடியிருந்த அவையில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



சோழ நாட்டிலிருந்து பிழைப்புத் தேடி மதுரைக்குச் சென்ற வணிகன் ஒருவன், அரசியின் காற்சிலம்பைக் களவாடினான் எனக் குற்றஞ்சாட்டப்பட்டான். சாட்டியவன் பொற்கொல்லன். அரசன் எதிரியை அழைத்து விசாரித்தானா? சாட்சிகளைக் கேட்டானா? சிலம்பினுள்ளே இருக்கும் பரல் முத்தா, மாணிக்கமா என்று சோதித்தானா? ஒன்றும் இல்லை. வாளை எடுத்த பின்னரே வழக்கு நடந்தது. வழக்கை உரைத்தவள் கணவனை இழந்த கண்ணகி. அக்காதைக்கு வழக்குரை காதை என்றே பெயர். கோவலன் உயிரோடிருந்த வேளையில் அவன் பக்கம் நின்று வழக்குரைக்க மதுரையில் ஒருவரும் இல்லை. அந்நிய நாட்டில் குற்றஞ்சாட்டப்பட்டவனின் நிலை எத்தகையது என்பதைத் தமிழருக்கு வேறெவரும் வந்து கற்பிக்க வேண்டியதில்லை.

இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள், பிற நாட்டிற்குச் சென்ற படைவீரன் அங்கே குற்றம் புரிந்ததாகச் சாட்டப்படும்போது அவனுக்குக் கிடைக்கும் சட்டப் பாதுகாப்பு என்பதாகும். கோவலன் நிராயுதபாணியான வணிகன். இவனோ துவக்கு ஏந்தியவன். எனவே உங்களிற் பலரின் உள்ளத்தில் ஒரு கேள்வி எழும். "அயலான் மண்ணில் ஆயுதத்தோடு நிற்பவனுக்காக நாம் ஏன் பரிந்து பேச வேண்டும்? சீருடையைக் கண்டால் நெஞ்சு பதைக்கும் நிலையில் ஆண்டுக்கணக்காக வாழ்ந்தவர்கள் அல்லவா நாம்? அவனுக்கு ஏன் ஒரு நியாயவாதி?" என்பதே அக்கேள்வி.

கேள்வி நியாயமானது. அதை மழுப்பாமல் விடை கூற முயல்வேன். என் விடை சுருக்கமானது. குற்றஞ்சாட்டப்பட்ட சிப்பாய்க்குத் தகுதியான நியாயவாதி இருந்து, வழக்குப் பகிரங்கமாக நடந்தால் மட்டுமே பாதிக்கப்பட்டவருக்கும் நீதி கிடைக்கும். நியாயவாதி இல்லாத இடத்தில் இரண்டில் ஒன்று நடக்கும்: ஒன்றில் அவசரத் தண்டனை, அல்லது இரகசிய விடுதலை. இரண்டிலும் உண்மை புதைக்கப்படுகிறது. சரித்திரத்திலிருந்து நான்கு வழக்குகளை எடுத்துக் காட்டி இதனை நிறுவுகிறேன்.

முதலாவது, தென்னாபிரிக்காவில் நடந்த போவர் யுத்த காலத்தது. பிரித்தானியப் படையின் குதிரைப் பிரிவொன்றில் அவுஸ்திரேலியாவிலிருந்து சென்ற அதிகாரிகள் சிலர் கடமையாற்றினர். சரணடைந்த போவர் கைதிகளைச் சுட்டுக் கொன்றார்கள் என்று ஹரி மோறன்ட், பீற்றர் ஹன்ட்கொக், ஜோர்ஜ் விற்றன் ஆகியோர் மீது 1902 ஆம் ஆண்டு ஜனவரியில் இராணுவ நீதிமன்றத்தில் வழக்குத் தொடுக்கப்பட்டது. அவர்களுக்காகத் தோன்றியவர் மேஜர் தோமஸ். நியூ சவுத் வேல்சிலே ஒரு நாட்டுப்புறப் பட்டினத்தில், உறுதி எழுதுவதும் மரணசாதனம் எழுதுவதுமாகத் தொழில் நடத்திய சட்டத்தரணி அவர். விசாரணை தொடங்குவதற்கு முதல் நாளே வந்து சேர்ந்தார். உயிர் ஊசலாடும் வழக்குக்கு ஆயத்தம் செய்ய அவருக்குக் கிடைத்த அவகாசம் அவ்வளவுதான்!

கைதிகளைக் கொன்றதை எதிரிகள் மறுக்கவில்லை. மேலிடத்து உத்தரவுப்படி செய்தோம் என்றார்கள். அந்த உத்தரவு உண்மையில் இருந்ததா, யார் கொடுத்தது, எவ்வளவு மேலிடம் வரை அது சென்றது என்னும் கேள்விகளை ஆற அமர விசாரிக்கும் விருப்பம் பிரித்தானியத் தளபதி கிச்சினர் பிரபுவுக்கு இருக்கவில்லை. 1902 பெப்ரவரி 27 ஆம் நாள் காலையில் மோறன்டும் ஹன்ட்கொக்கும் பிரிட்டோரியாச் சிறையில் சுடப்பட்டு இறந்தனர். விற்றனின் மரண தண்டனை ஆயுட் சிறையாக மாற்றப்பட்டது. அவுஸ்திரேலிய அரசாங்கத்துக்கு முன்கூட்டியே ஒரு சொல்லும் அறிவிக்கப்படவில்லை.

அன்பர்களே, மோறன்ட் நிரபராதி என்று நான் சொல்லவில்லை. கைதியைக் கொல்வது எந்தச் சட்டத்தின்படியும் கொலையே. ஆயின் அந்த அவசரத்தினால் நட்டமடைந்தவர் யார் என்று எண்ணிப் பாருங்கள். கொல்லப்பட்ட போவர்களின் குடும்பத்தினர், சுட்ட கைகளை மட்டுமே கண்டனர். அக்கைகளுக்குப் பின்னால் ஏவிய வாய் ஒன்று இருந்ததா என்பதை அறியும் வாய்ப்பை இழந்தனர். மறுபுறத்தில், கொலைகாரர் என்று தீர்க்கப்பட்டவர்கள் தம் நாட்டிலே தியாகிகளாகப் பாடப்பெற்றனர். ஒரு நூற்றாண்டு கடந்த பின்னும் அங்கே அவ்வழக்குப் பற்றிய வாதம் ஓயவில்லை. தகுந்த அவகாசத்தோடு ஒரு நியாயவாதி வாதாடியிருந்தால், அன்றே முடிந்திருக்கக்கூடிய வழக்கு அது.

இரண்டு உலக யுத்தங்களுக்குப் பின்னர் இத்துறையில் பெரும் மாற்றம் நிகழ்ந்தது. ஐக்கிய அமெரிக்காவில் 1950 ஆம் ஆண்டு மே மாதம் படையினர் அனைவருக்கும் பொதுவான இராணுவ நீதிச் சட்டம் ஒன்று கைச்சாத்தாகி, அடுத்த ஆண்டு மே மாத இறுதியில் நடைமுறைக்கு வந்தது. அதன் 31 ஆம் பிரிவு கூறுவதைக் கேளுங்கள். சந்தேகத்துக்குள்ளான சிப்பாயை விசாரிப்பவர், எந்தக் குற்றம் பற்றி விசாரிக்கிறார் என்பதை முதலில் அவனுக்கு அறிவிக்க வேண்டும். வாய் திறவாதிருக்க அவனுக்கு உரிமை உண்டு என்பதையும், அவன் சொல்வது அவனுக்கே எதிராகப் பயன்படக்கூடும் என்பதையும் கூற வேண்டும். சாதாரணப் பொலிஸ் விசாரணையில் இத்தகைய எச்சரிக்கையை அந்நாட்டு உச்ச நீதிமன்றம் கட்டாயமாக்கியது 1966 ஆம் ஆண்டிலேதான். குடிமகனுக்குக் கிடைப்பதற்குப் பதினைந்து ஆண்டுகள் முன்னரே சிப்பாய்க்கு அது கிடைத்தது.

இதன் காரணம் யாது? படையிலே மேலதிகாரி கேட்டால் விடை சொல்லியே பழகியவன் சிப்பாய். "நீ என்ன செய்தாய்?" என்று கப்டன் கேட்கும்போது, அது விசாரணையா, கட்டளையா என்று பிரித்தறியும் நிலையில் அவன் இல்லை. அதே சட்டத்தின் 37 ஆம் பிரிவு, தீர்ப்பை இப்படித்தான் வழங்க வேண்டுமென்று தளபதி நீதிமன்றத்தை நெருக்குவதைத் தடை செய்தது. மேன்முறையீட்டைக் கேட்பதற்கு, சீருடை அணியாத மூன்று சிவில் நீதிபதிகளைக் கொண்ட நீதிமன்றம் ஒன்றும் நிறுவப்பட்டது. பெரிய வழக்குகளில் எதிரிக்கு இராணுவ நியாயவாதி ஒருவர் இலவசமாக அமர்த்தப்படுவார். அவன் விரும்பினால் தன் சொந்தச் செலவில் வெளியாரையும் அமர்த்திக்கொள்ளலாம்.

இவையெல்லாம் சிப்பாயைத் தன் சொந்தப் படையே விசாரிக்கும்போது. குற்றம் நடந்த நாடு, "எங்கள் மண்ணில் எங்கள் மக்களுக்கு நேர்ந்த கொடுமையை நாங்களே விசாரிப்போம்" என்று கூறினால் என்ன செய்வது?

கமக்காரச் சகோதரர்களுக்கு இதை விளக்குவது எளிது. அடுத்த ஊரான் மாடு உங்கள் பயிரை மேய்ந்துவிட்டது. மாட்டுக்காரன், "மாடு என்னுடையது, ஆகவே என் ஊரிலே என் மனிதரைக் கொண்டு விசாரிப்பேன்" என்று சொன்னால் ஏற்பீர்களா? பயிர் அழிந்த வயலுக்கு வந்து பார்க்க வேண்டாமா என்றுதானே கேட்பீர்கள்? அதே வேளையில் மாட்டுக்காரனுக்கும் ஓர் அச்சம் உண்டு. உங்கள் ஊரில் எல்லாரும் உங்கள் இனத்தவர். வேலியில் பொட்டு இருந்ததென்று அவன் சொன்னால் கேட்பார் யார்? இரு பக்கத்து அச்சத்திலும் நியாயம் இருக்கிறது. நாடுகளுக்கிடையிலும் இதே தகராறுதான்.

1951 ஆம் ஆண்டு யூன் 19 ஆம் நாள் இலண்டனில் கைச்சாத்தான வட அத்திலாந்திக் உடன்படிக்கை நாடுகளின் ஒப்பந்தம் இதற்கு ஓர் ஒழுங்கு கண்டது. அதன் 7 ஆம் உறுப்புரையின்படி இரு நாடுகளுக்கும் விசாரணை அதிகாரம் உண்டு. குற்றம் அந்தப் படையினருக்குள்ளேயே நடந்திருந்தாலும், உத்தியோகக் கடமையைச் செய்யும்போது நிகழ்ந்திருந்தாலும், படையை அனுப்பிய நாட்டுக்கு முதலுரிமை. மற்றைய குற்றங்களில், படை தங்கியிருக்கும் நாட்டுக்கே முதலுரிமை. அந்நாட்டு நீதிமன்றத்தில் நிறுத்தப்படும் சிப்பாய்க்கோ சில உரிமைகள் எழுத்திலே உறுதி செய்யப்பட்டன: தாமதமின்றி விசாரணை, குற்றச்சாட்டை முன்கூட்டி அறிதல், சாட்சிகளை நேருக்கு நேர் கண்டு வினவுதல், தான் விரும்பும் நியாயவாதி, மொழிபெயர்ப்பாளர், தன் நாட்டுப் பிரதிநிதி நீதிமன்றில் அமர்ந்திருத்தல் என்பன அவை.

ஏட்டில் எழுதிய உரிமைக்குக் காசு வேண்டும் அல்லவா? அமெரிக்க இராணுவ நியாயவாதி யப்பானிய நீதிமன்றில் எழுந்து வாதாட இயலாது. அந்நாட்டு நியாயவாதியை அமர்த்தச் சிப்பாயின் சம்பளம் போதாது. ஆகவே 1956 ஆம் ஆண்டில் அமெரிக்கக் காங்கிரஸ் ஒரு சட்டம் இயற்றி, அந்நிய நீதிமன்றங்களில் தன் படையினருக்காக நியாயவாதிச் செலவையும் பிணைப் பணத்தையும் அரசே செலுத்தலாம் என்று விதித்தது. இவ்வொழுங்கு முழுவதும் சோதனைக்குள்ளான வழக்கு அடுத்த ஆண்டே வந்தது. அதுவே நான் சொல்லப்போகும் இரண்டாவது வழக்கு.

யப்பானில் குன்மா மாகாணத்திலே, சோமகஹரா என்னும் இடத்தில் அமெரிக்கப் படையினரின் சூட்டுப் பயிற்சித் திடல் ஒன்று இருந்தது. சுடப்பட்ட தோட்டாக்களின் பித்தளைக் குழல்கள் அங்கே சிதறிக் கிடக்கும். சுற்றுவட்டாரத்துக் கிராமத்து ஏழைகள் அவற்றைப் பொறுக்கிப் பழைய உலோகமாக விற்றுச் சில காசு தேடுவர். 1957 ஜனவரி 30 ஆம் நாள் அவ்வாறு பொறுக்க வந்தவர்களில் ஒருத்தி நாக்கா சக்காய். வயது 46, ஆறு பிள்ளைகளின் தாய், கமக்காரக் குடும்பத்துப் பெண். பயிற்சி இடைவேளையில் இயந்திரத் துவக்கொன்றைக் காவல் புரிந்து நின்ற வில்லியம் ஜிராட் என்னும் 21 வயதுச் சிப்பாய், தன் றைபிளில் பொருத்தியிருந்த குண்டெறி கருவியினுள் ஒரு வெற்றுக் குழலைச் செருகி வெடித்தான். அது அவள் முதுகிற் பாய்ந்தது. அவள் உயிரிழந்தாள்.

அமெரிக்கப் படையதிகாரிகள், "காவற் கடமையின்போது நிகழ்ந்தது, எனவே நாமே விசாரிப்போம்" என்றனர். யப்பானிய அதிகாரிகள், "பித்தளைக் குழல்களை வீசி ஆசை காட்டி அருகே வரச் செய்துவிட்டுச் சுடுவது எந்தக் கடமையில் அடங்கும்?" என்று கேட்டனர். முடிவில் அமெரிக்க அரசு விட்டுக்கொடுத்தது. உடனே அமெரிக்காவில் பெருங் கூக்குரல் எழுந்தது. "நம் பையனை அந்நியனிடம் பலி கொடுக்கிறார்கள்" என்று முன்னாட் படைவீரர் சங்கங்கள் கொதித்தெழுந்தன. ஜிராட்டின் சகோதரர் ஆட்கொணர்வு மனுத் தாக்கல் செய்தார். வாஷிங்டனில் மாவட்ட நீதிமன்றம், ஜிராட்டை யப்பானிடம் ஒப்படைக்கலாகாது என்று கட்டளையிட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம் ஏறியது. 1957 யூலை 11 ஆம் நாள், வழக்கைக் கேட்ட எட்டு நீதிபதிகளும் ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். தன் எல்லைக்குள் நடந்த குற்றத்தை விசாரிக்கும் அதிகாரம் அந்தந்த நாட்டுக்கே உரியது. அந்நாடு சம்மதித்து விட்டுக்கொடுத்தால் மட்டுமே அது பிறருக்குச் செல்லும் என்றனர். 1812 ஆம் ஆண்டில் பிரதம நீதியரசர் மார்ஷல் வகுத்த கோட்பாட்டையே அவர்கள் எடுத்து நிலைநிறுத்தினர். உலகின் பெரு வல்லரசு, தன் சிப்பாயை, பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் தான் போரில் தோற்கடித்த நாட்டின் நீதிமன்றத்துக்கு அனுப்பியது!

மயேபாஷி மாவட்ட நீதிமன்றத்தில் மூன்று யப்பானிய நீதிபதிகள் முன்னிலையில் விசாரணை நடந்தது. ஜிராட்டுக்காக வாதாடியவர் இட்சுறோ ஹயாஷி என்னும் யப்பானிய நியாயவாதி. தன் நாட்டுப் பெண்ணைக் கொன்றவன் என்று தன் நாட்டு மக்களே கொதித்திருந்த வேளையில், அந்த எதிரிக்காக எழுந்து நின்று வாதாடினார் அவர். நியாயவாதித் தொழிலின் மேன்மை இதுவன்றோ? கிராமத்தார் தம் சொந்த மொழியிலே சாட்சியம் கூறினர். ஜிராட்டுடன் நின்ற சக சிப்பாயும் சாட்சிக் கூண்டேறினான். எச்சரிக்கைக்காகவே சுட்டேன் என்று எதிரி கூறியது பகிரங்கமாகக் கேட்கப்பட்டு, பகிரங்கமாகச் சோதிக்கப்பட்டது.

1957 நவம்பர் 19 ஆம் நாள் தீர்ப்பு. காவற் கடமையோடு இச்செயலுக்குத் தொடர்பில்லை என்று நீதிமன்றம் கண்டது. மரணம் விளைவித்த காயப்படுத்தல் என்னும் குற்றம் நிரூபணமாயிற்று. வழக்குத் தொடுநர் ஐந்தாண்டு கேட்டார். கிடைத்தது மூன்றாண்டு, அதுவும் நான்காண்டுகளுக்கு ஒத்திவைக்கப்பட்ட தண்டனை. ஒரு நாளும் சிறையிலிராமல் ஜிராட் அடுத்த மாதம் கப்பலேறினான்.

நியாயவாதி வைத்ததன் பலன் இதுதானா என்று நீங்கள் கேட்கலாம். பொறுங்கள். பின்னாளில் வெளியிடப்பட்ட அமெரிக்க இராசதந்திர ஆவணங்கள் வேறொரு கதையைக் கூறின. வழக்கு நீதிமன்றுக்குப் போகுமுன்னரே இரு அரசுகளும் இரகசியமாக ஓர் இணக்கம் செய்திருந்தன. ஜிராட் மீது அதனிலும் கடுமையான குற்றச்சாட்டுச் சுமத்தப்படாது. தண்டனையை இயன்றவரை குறைக்குமாறு யப்பானிய அரசு தன் வழக்குத் தொடுநர் மூலம் பரிந்துரைக்கும் என்பது அந்த இணக்கம். அது மட்டுமன்று. 1953 ஆம் ஆண்டிலேயே, மிக முக்கியமான வழக்குகள் தவிர ஏனையவற்றில் தன் முதலுரிமையைப் பிரயோகிக்கும் எண்ணமில்லை என்று யப்பான் இரகசியமாக வாக்களித்திருந்ததும் வெளியாயிற்று.

எனவே தண்டனையைச் சுருக்க முன்கூட்டியே முயன்றது, நியாயவாதி ஹயாஷியின் வாதம் அன்று. கதவடைத்த அறையில் அமைச்சர்களும் தூதர்களும் பேசிய பேரம் அது. நீதிமன்றம் திறந்திருந்தபடியால் உண்மையாவது பதிவாயிற்று: அவள் கடமைக்குக் குறுக்கே வந்தவளல்லள், விளையாட்டுக்குப் பலியானவள் என்பது நீதிபதிகளின் எழுத்திலே நிலைபெற்றது. ஜிராட்டின் பெயரை அமெரிக்கா முழுதும் அறிந்தது. நாக்கா சக்காயின் பெயரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். நம்மவர் அந்தப் பெயரையும் நினைவில் வைத்திருக்க வேண்டுமென்பது என் வேண்டுகோள்.

மூன்றாவது வழக்கை நீங்கள் கேள்வியுற்றிருப்பீர்கள். 1968 மார்ச் 16 ஆம் நாள் வியட்நாமில் மை லாய் கிராமத்துள் புகுந்த அமெரிக்கப் படையினர், ஆயுதமற்ற முதியோரையும் பெண்களையும் குழந்தைகளையும் கொன்று குவித்தனர். வியட்நாமியரின் கணக்கின்படி மாண்டவர் 504 பேர். ஓராண்டுக்கு மேலாக அது மூடி மறைக்கப்பட்டது. வெளிவந்த பின்னர், லெப்டினன்ட் வில்லியம் கலி என்பவர் மீது அமெரிக்காவிலேயே இராணுவ நீதிமன்றில் வழக்கு நடந்தது. அவருடைய பிரதான நியாயவாதி ஜோர்ஜ் லற்றிமர். நான் முன்னர் குறிப்பிட்ட இராணுவ மேன்முறையீட்டு நீதிமன்றத்தின் முன்னாள் நீதிபதி அவர். இதனிலும் சிறந்த நியாயவாதியை எவர் கேட்க முடியும்? மாதக்கணக்கில் சாட்சிகள் அழைக்கப்பட்டனர். கப்டனின் கட்டளையையே நிறைவேற்றினேன் என்னும் வாதம் முழுமையாகக் கேட்கப்பட்டது.

தீர்ப்பளித்தவர்கள் ஆறு இராணுவ அதிகாரிகள். சொந்தப் படையினர் என்று தயங்காமல், குறைந்தது 22 பேரைக் கொலை செய்தார் என்று 1971 மார்ச் 29 ஆம் நாள் அவர்கள் கலியைக் குற்றவாளியாகக் கண்டனர். ஆயுட் சிறை விதிக்கப்பட்டது. எதிரிக்குச் சிறந்த பாதுகாப்பு அளித்த காரணத்தினாலேயே அத்தீர்ப்பை எவராலும் அசைக்க முடியவில்லை. மோறன்டைப் போல, "நியாயமின்றித் தண்டித்தார்கள்" என்று சொல்ல அங்கே இடமிருக்கவில்லை.

ஆயின் நிகழ்ந்தது யாது? தீர்ப்பு வந்த சில நாட்களுள்ளேயே சனாதிபதி நிக்சன், கலியைச் சிறையிலிருந்து எடுத்து அவர் வாசஸ்தலத்திலேயே காவலில் வைக்கக் கட்டளையிட்டார். வழக்கைத் தொடுத்த இளம் இராணுவ நியாயவாதி கப்டன் ஒபிரி டானியல், தன் சனாதிபதியைக் கண்டித்து அவருக்கே கடிதம் எழுதினார். ஆயினும் தண்டனை படிப்படியாகக் குறைக்கப்பட்டது. சுமார் மூன்றரை ஆண்டுகளில் கலி விடுதலை பெற்றார். மை லாய்க்காகத் தண்டிக்கப்பட்டவர் அவர் ஒருவரே. மீண்டும் கவனியுங்கள்: நீதியைக் குலைத்த கை நீதிமன்றத்துக்குள்ளே இருக்கவில்லை. அது அரசியல்வாதியின் கை.

நான்காவது, நம் நாட்டோடு தொடர்புடையது. 2004 ஆம் ஆண்டு முதல் ஹெயிட்டி நாட்டில் ஐக்கிய நாடுகள் சபையின் அமைதிப் படை இருந்தது. அதில் இலங்கைப் படையினரும் கடமையாற்றினர். 2007 ஆம் ஆண்டு நவம்பரில், அந்நாட்டுப் பெண்களையும் சிறுவர் சிறுமியரையும் பாலியல் ரீதியாகச் சுரண்டினர் என்னும் குற்றச்சாட்டின் பேரில் 114 பேர் திருப்பியனுப்பப்பட்டனர். 2017 ஆம் ஆண்டில், ஐக்கிய நாடுகள் சபையின் உள்ளக அறிக்கையொன்றை ஆதாரமாகக் கொண்டு அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் வெளியிட்ட செய்தி, குற்றஞ்சாட்டப்பட்டோர் தொகை குறைந்தது 134 என்றும், பாதிக்கப்பட்டோரில் ஒன்பது சிறார் இருந்தனர் என்றும், சிறை சென்றவர் எவருமில்லை என்றும் கூறிற்று.

ஐக்கிய நாடுகள் சபையின் படைகளைப் பொறுத்தவரை, குற்றத்தை விசாரிக்கும் அதிகாரம் படையை அனுப்பிய நாட்டுக்கு மட்டுமே உண்டு. மாட்டுக்காரனின் ஊரிலேதான் எப்போதும் வழக்கு! பயிரிழந்தவன் கடல் கடந்து வந்து சாட்சி சொல்ல வேண்டும். ஹெயிட்டியின் ஏழைச் சிறுமி ஒருத்தி கொழும்புக்கு வந்து சாட்சிக் கூண்டேறுவது நடக்கக்கூடிய காரியமா? இக்குறையை உணர்ந்தே, யோர்தானிய இளவரசர் செயிட் 2005 ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகள் சபைக்கு அளித்த அறிக்கையில், குற்றம் நடந்த நாட்டிலேயே இராணுவ நீதிமன்றம் அமர வேண்டும் என்று பரிந்துரைத்தார். சாட்சியும் தடயமும் அங்கேதான் உண்டு என்பது அவர் கூறிய நியாயம்.

அந்த 114 பேரும் குற்றவாளிகள் என்று நான் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. அவ்வாறு சொல்லும் உரிமை எனக்கில்லை. அவருள் குற்றம் செய்தவர் இருந்திருப்பர். செய்யாது கூட்டத்தோடு கூட்டமாக விமானமேற்றப்பட்டவரும் இருந்திருக்கலாம். செய்தவன் தப்பினான், செய்யாதவன் வாழ்நாள் முழுதும் அக்கறையைச் சுமக்கிறான். இவனைப் பிரித்தறிவிக்க ஒரு பகிரங்க நீதிமன்றமும் ஒரு நியாயவாதியும் இருந்திருக்க வேண்டும். அச்சிறாரோ, தமக்கு நேர்ந்த கொடுமை உண்மையென்று ஒரு நீதிபதி எழுதிவைத்த ஒரு வரியையேனும் காணவில்லை. நாக்கா சக்காய்க்குக் கிடைத்த அளவுகூட அவர்களுக்குக் கிடைக்கவில்லை.

பெரியோர்களே, நான்கு வழக்குகளையும் அருகருகே வைத்துப் பாருங்கள். மோறன்டின் வழக்கில் நியாயவாதிக்கு அவகாசமில்லை. உத்தரவின் மூலம் மறைந்தது. ஜிராட்டின் வழக்கில் வாதம் நடந்தது. தண்டனையை அரசுகள் பேரம் பேசின. கலியின் வழக்கில் வாதமும் தீர்ப்பும் நிறைவாக நடந்தன, சனாதிபதி குறுக்கிட்டார். ஹெயிட்டியில் பகிரங்க வழக்கே இல்லை. எந்த ஓரிடத்திலாவது எதிரியின் நியாயவாதி நீதியைக் கெடுத்தான் என்று காட்ட முடியுமா? அவன் இருந்த இடங்களில் உண்மை பதிவாயிற்று. அவன் இல்லாத இடங்களில் வதந்தியே மிஞ்சிற்று.

ஆகவே நாம் கேட்க வேண்டியவை இவை. பிற நாட்டில் குற்றஞ்சாட்டப்படும் படையினனுக்கு, முதல் விசாரணை தொடங்குமுன்னரே தகுதியும் சுதந்திரமும் உள்ள நியாயவாதி ஒருவர் வேண்டும். தன் மேலதிகாரிக்கு அஞ்சுகிறவர் அதற்குப் போதாது. விசாரணை குற்றம் நடந்த மண்ணில், அல்லது அம்மண்ணின் சாட்சிகள் எளிதில் வந்து தம் மொழியிற் பேசக்கூடிய இடத்தில் நடக்க வேண்டும். பாதிக்கப்பட்டவருக்கும் அங்கே ஒரு நியாயவாதி வேண்டும். தீர்ப்பு எழுத்தில், பகிரங்கமாக, இரு நாட்டு மக்களும் வாசிக்கக்கூடியதாக வெளியாக வேண்டும். வெளியான பின்னர் எந்த அமைச்சரும் எந்த சனாதிபதியும் அரசியல் இலாபம் கருதி அதிற் கை வைத்தலாகாது.

இங்கே அமர்ந்திருக்கும் சட்டத்தரணிகளுக்கு ஒரு வார்த்தை. மக்கள் வெறுக்கும் எதிரி ஒருவன் உங்கள் கந்தோர் வாசலுக்கு வந்தால், அவன் அணிந்திருக்கும் சீருடையைப் பார்த்துக் கதவை அடைக்காதீர்கள். மயேபாஷியில் அந்த யப்பானிய நியாயவாதி செய்த தொழிலே உங்கள் தொழிலும்.

கமக்காரச் சகோதரர்களுக்கும் ஒரு வார்த்தை. சிப்பாய்க்கு நியாயவாதி வேண்டும் என்று ஒருவன் பேசினால், அவன் சிப்பாயின் கட்சிக்காரன் என்று எண்ணி எழுந்து போகாதீர்கள். சிப்பாய்க்கு நியாயவாதி இருக்க வேண்டுமெனின், முதலில் சிப்பாய் மீது வழக்கு இருக்க வேண்டும். வழக்கு இருக்க வேண்டுமெனின், உங்களைப் போன்ற ஒரு கமக்காரக் குடும்பத்தின் முறைப்பாட்டை ஒரு நீதிமன்றம் ஏற்றுக் கேட்க வேண்டும். அந்த நீதிமன்றத்தின் கதவு திறந்திருக்க வேண்டுமென்பதே இன்று நான் உங்கள் முன் வைத்த கோரிக்கை.